"அவன்தான் எடுக்கலையே, அப்புறம் என்ன?"

இரவு ஒன்பதரை இருக்கும். நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் குடும்பத்தோடு தங்கி வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் எங்களுக்குப் போன் செய்தார். போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் பெட்டிக்கடையில் நின்றுகொண்டு பேசினார். முட்டை லோடு போன பணத்தில் ஒரு கட்டு காணவில்லை. சந்தேகம் அவருடைய மகன் மேல். காலையில் கூட்டிப் போனவர்கள் இன்னும் விடவில்லை. வழக்குப் பதிவு செய்தார்களா என்று கேட்டோம். அவருக்குத் தெரியவில்லை. ஒரே ஒரு விஷயம் கேட்கத்தான் அவர் போன் செய்திருந்தார்.

"தம்பி, மெட்ராஸுக்குக் கூட்டிட்டுப் போயி உண்மை கண்டுபுடிக்கிற மிசின்ல உக்கார வெக்கறாங்களாம். சம்மதம்னு ஒரு கையெழுத்துப் போட்டா இன்னைக்கு ராத்திரியே வீட்டுக்கு உட்டுர்றாங்களாம். போடச் சொல்லட்டுங்களா?"

நாங்கள் நான்கைந்து பேர் அப்போது சேலத்தில் ஒரு தோழரின் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். "போடச் சொல்லுங்கப்பா. அவன்தான் எடுக்கலையே, அப்புறம் என்ன?" என்று எங்களில் ஒருவர் சொன்னார். மற்றவர்கள் தலையாட்டினோம்.

அந்தத் தலையாட்டலைப் பற்றித்தான் இதை எழுதுகிறோம். அம்பேத்கரைப் படிக்கிறோம், கூட்டம் போடுகிறோம், சட்டம் படிக்கும் மாணவர்களுக்கு வகுப்பு எடுக்கிறோம். ஆனால் ஒரு அருந்ததியர் வீட்டுப் பையன் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது எங்கள் வாயில் வந்த வார்த்தை, எந்தப் போலீஸ்காரரும் சொல்லக்கூடிய அதே வார்த்தை.

வழக்கறிஞராக இருக்கும் அக்காவுக்கு அடுத்த போன் போட்டோம். அவர் கேட்ட முதல் கேள்வி: "எழுதின தாளா, வெள்ளைத் தாளா?" எங்களிடம் பதில் இல்லை. "ஸ்டேஷன்ல வெச்சு வாங்குற சம்மதத்துக்குப் பேரு சம்மதமா? உடனே திருப்பிக் கூப்பிட்டுப் போடாதேன்னு சொல்லுங்க. நான் கிளம்பி வர்றேன்." நாங்கள் பெரியவரைத் திரும்பப் பிடிப்பதற்குப் பத்து நிமிடம் ஆனது. அந்தப் பத்து நிமிடம் எப்படிப் போனது என்று எங்களுக்குத்தான் தெரியும். நல்லவேளை, அவர் இன்னும் கடை வாசலிலேயே நின்றிருந்தார். உள்ளே போகப் பயம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அன்று மாடியில் நாங்கள் கூடியிருந்தது ஒரு பழைய கோப்பைப் பிரித்துப் பார்க்கத்தான். கோகுல்ராஜ் வழக்கின்போது எழுதி, கடைசியில் யாருக்கும் அனுப்பாமல் விட்ட மனு ஒன்று அதில் இருந்தது. பிறழ் சாட்சியாக மாறிய முக்கிய சாட்சிக்கும், குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கும் நார்கோ அனாலிசிஸ் நடத்த வேண்டும் என்பது அந்த மனுவின் கோரிக்கை. கோபத்தில் எழுதியது. 'உண்மை வெளிவர' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தோம்.

இந்தச் சோதனைகள் என்னவென்று முதலில் பார்த்துவிடுவோம். நம் ஊரில் எல்லாவற்றையும் சேர்த்து 'உண்மை கண்டறியும் சோதனை' என்கிறார்கள். அவை மூன்று. பாலிகிராஃப் என்பது ரத்த அழுத்தம், நாடித் துடிப்பு, மூச்சு, தோலில் வியர்வையால் ஏற்படும் மின்மாற்றம் இவற்றைக் கேள்வி கேட்கும்போது பதிவு செய்யும் கருவி. பொய் சொன்னால் உடம்பு பதறும் என்பது அதன் நம்பிக்கை. நார்கோ என்பது சோடியம் பென்டதால் மருந்தை நரம்பில் ஏற்றி, அரை மயக்கத்தில் கிடப்பவரைக் கேள்வி கேட்பது. மூன்றாவது மூளை மின்னலைச் சோதனை. தலையில் மின்முனைகளை ஒட்டி, சம்பவ இடத்தின் படத்தையோ சம்பவத்தைப் பற்றிய சொற்களையோ காட்டினால், ஏற்கெனவே தெரிந்த விஷயத்துக்கு மூளையில் ஒரு குறிப்பிட்ட அலை எழும் என்பார்கள்.

மூன்றிலும் 'பொய்' என்று எதுவும் பதிவாவதில்லை. பாலிகிராஃபில் பதிவாவது பதற்றம். தாத்தா காலத்திலிருந்து காக்கிச் சட்டையைக் கண்டாலே ஒதுங்கி நிற்கப் பழக்கப்பட்ட குடும்பத்துப் பையனை அந்த நாற்காலியில் உட்கார வைத்தால் என்ன பதிவாகும்? முள் ஆடத்தான் செய்யும். அதே நாற்காலியில், எத்தனையோ பஞ்சாயத்துகளைப் பார்த்த, ஸ்டேஷனில் நாற்காலி போட்டு உட்கார வைக்கப்படும் ஆளை உட்கார வையுங்கள். அவருக்கு நாடி ஏன் துடிக்கப் போகிறது? அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 2003இல் வெளியிட்ட ஆய்வறிக்கையே பாலிகிராஃபின் அறிவியல் அடித்தளம் பலவீனமானது என்றுதான் சொன்னது. நார்கோவில் இன்னொரு ஆபத்து உண்டு. அரை மயக்கத்தில் இருப்பவர் கேட்பவரின் சொல்லுக்கு வளைந்து கொடுப்பார். "நீதானே எடுத்தாய்" என்று திரும்பத் திரும்பக் கேட்டால் அதுவே அவருடைய பதிலாகவும் வரலாம். மூளைச் சோதனையில், செய்தித்தாளில் படம் பார்த்தவருக்கும், விசாரணையின்போது போலீஸே சம்பவ இடத்துக்குக் கூட்டிப் போனவருக்கும் அந்த அலை எழலாம்.

எங்கள் சந்தேகங்கள் மட்டுமல்ல இவை. 2010 மே 5 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய 'செல்வி எதிர் கர்நாடக அரசு' தீர்ப்பில் இவையெல்லாம் விரிவாகப் பேசப்பட்டிருக்கின்றன. அதை எழுதியவர் அன்றைய தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன், அந்தப் பதவிக்கு வந்த முதல் தலித். ஓய்வு பெறுவதற்கு ஒரு வாரம்கூட இல்லாத நேரத்தில் கொடுத்த தீர்ப்பு. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, 2006இல், தினேஷ் டால்மியா வழக்கில் நமது சென்னை உயர் நீதிமன்றம் இந்தச் சோதனைகள் கட்டாய வாக்குமூலம் ஆகாது என்று சொல்லியிருந்தது. ஆய்வகத்துக்கு வேண்டுமானால் வலுக்கட்டாயமாக அழைத்துப் போகலாம், அங்கே வெளிவரும் பேச்சு தானாக வருவதுதான் என்ற ரீதியில் ஒரு வாதம். மயக்க மருந்து கொடுத்த பிறகு வருவது தானாக வருவதாம்! செல்வி தீர்ப்பு அந்த வாதத்தை மூட்டை கட்டியது.

இனி நாங்கள் சொல்வதைச் சற்று நிதானமாகக் கேளுங்கள். அந்தச் செல்வி யார்?

சட்டக் கல்லூரிகளில் இந்த வழக்கின் பெயரைச் சொல்லித் தருகிறார்கள். வழக்கின் கதையை யாரும் சொல்வதில்லை. கர்நாடகத்தில் ஒரு பெண் வீட்டார் எதிர்ப்பை மீறி வேறு சாதி இளைஞர் ஒருவரை மணந்தார். 2004இல் அந்த இளைஞர் கொல்லப்பட்டார். பெண்ணின் தாய் செல்வியும் மற்றவர்களும் குற்றம் சாட்டப்பட்டார்கள். அவர்களுக்கு உண்மை கண்டறியும் சோதனைகள் நடத்த நீதிமன்றம் உத்தரவிட்டதை எதிர்த்துத்தான் அவர்கள் மேலே போனார்கள். அதாவது, இன்று உங்களுக்கும் எனக்கும் காவல் நிலையத்தில் கவசமாக இருக்கும் அந்தத் தீர்ப்பு, சாதி மறுப்புத் திருமணம் செய்த ஒருவரின் கொலையில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் போட்ட வழக்கிலிருந்து பிறந்தது.

இதை முதன்முதலில் தெரிந்துகொண்டபோது எங்களுக்கு வயிற்றைப் பிசைந்தது. எங்களோடு இருந்த ஒரு தோழர் கொதித்துப் போய்க் கேட்டார்: "கொலை பண்ணினதாச் சொல்ற பக்கத்துக்கு ஊசி போடக் கூடாதுன்னு ஒரு தீர்ப்பு. அதை நாம கொண்டாடணுமா?" நியாயமான கேள்வி. எங்கள் பழைய மனுவும் அதே கேள்வியில் இருந்து எழுதப்பட்டதுதான்.

பதிலுக்கு வெளியே போக வேண்டியதில்லை. எங்கள் ஊர் வழக்கே போதும். ஓமலூரைச் சேர்ந்த தலித் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் மலைக் கோயிலில் தன் தோழியோடு பேசிக்கொண்டிருந்தபோது கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் தலை துண்டிக்கப்பட்ட உடலாகக் கிடந்தார். வழக்கை விசாரித்த திருச்செங்கோடு டி.எஸ்.பி. விஷ்ணுபிரியா, அவரும் ஒரு தலித் பெண், அதே ஆண்டு செப்டம்பர் 18 அன்று இறந்து கிடந்தார். முதல் குற்றவாளியான யுவராஜ், தலைமறைவாக இருந்தபடியே வாட்ஸ்அப்பில் ஆடியோ வெளியிட்டார், தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுத்தார். அவரைப் பேச வைக்க எந்த ஊசியும் தேவைப்படவில்லை. பேசினால் என்ன ஆகிவிடும் என்ற தெம்பில் தானாகவே பேசினார்.

2018இல் முக்கிய சாட்சி பிறழ்ந்தபோது எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தோம். கோயில் சிசிடிவியில் இருப்பது தானே இல்லை என்று அவர் சொன்னார். அப்போதுதான் நாங்கள் அந்த மனுவை எழுதினோம். ஒரு பெண்ணின் நரம்பில், அவர் விருப்பம் இல்லாமல், மருந்து ஏற்றச் சொல்லி நாங்கள் எழுதினோம். அவர் எந்த அச்சத்தில், யாருடைய கண்காணிப்பில் வாழ்ந்துகொண்டிருந்தார் என்று ஒரு வரிகூட அதில் இல்லை. இன்று படித்தால் கூச்சமாக இருக்கிறது. செல்வி தீர்ப்பின்படி அந்தப் பாதுகாப்பு குற்றம் சாட்டப்பட்டவருக்கு மட்டுமல்ல, சந்தேகிக்கப்படுபவருக்கும் சாட்சிக்கும் உண்டு.

பிறகு நடந்தது நமக்குத் தெரியும். கோகுல்ராஜின் தாயார் விடாமல் போராடியதில் 2019இல் வழக்கு நாமக்கல்லில் இருந்து மதுரைக்கு மாறியது. அரசுத் தரப்பில் ப.பா. மோகன் வாதாடினார். 2022 மார்ச்சில் 10 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. மேல்முறையீட்டில் நீதிபதிகள் எம்.எஸ். ரமேஷும் என். ஆனந்த் வெங்கடேஷும் 2023 சனவரியில் மலைக் கோயிலுக்கும் தண்டவாளத்துக்கும் நேரில் வந்து பார்த்தார்கள். 2023 ஜூன் 2 அன்று யுவராஜின் ஆயுள் தண்டனை உறுதியானது. கேமரா எங்கே இருந்தது, காட்சியைச் சேமித்த கருவியை யார் கைப்பற்றினார்கள், மின்னணு ஆவணத்துக்கான சான்று முறையாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தேய்த்துத் தேய்த்துக் கட்டிய வழக்கு அது. முக்கிய சாட்சி கைவிட்ட பிறகும் நின்றது. யாருடைய மண்டைக்குள்ளும் யாரும் நுழையவில்லை.

நாங்கள் கேட்ட அதே ஊசி எந்தக் கைக்கு முதலில் வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2020இல் ஹாத்ரஸில் தலித் பெண் கூட்டு வன்கொடுமைக்கு ஆளாகி இறந்தார். அவர் உடலைக் குடும்பத்தினர் கையில் கொடுக்காமல் நள்ளிரவில் எரித்தார்கள். அடுத்த சில நாட்களில் உத்தரப் பிரதேச அரசு பாலிகிராஃப், நார்கோ சோதனைகளை அறிவித்தது. யாருக்கு? குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கும் போலீஸாருக்கும், கூடவே மகளைப் பறிகொடுத்த குடும்பத்துக்கும். நாங்கள் ஏன் சோதனைக்கு வர வேண்டும் என்று அந்தக் குடும்பம் மறுத்தது. மறுக்கும் உரிமையை அவர்களுக்குக் கொடுத்தது எது? அரசமைப்பின் 20(3), 21 ஆகிய உறுப்புகளும், அந்தச் செல்வி தீர்ப்பும்.

வேங்கைவயலை நினைத்துக்கொள்ளுங்கள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்தின் அந்தச் சிற்றூரில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. சிபிசிஐடி விசாரணையில் 31 பேருக்கு மரபணுச் சோதனை நடந்தது. அதில் பாதிக்கப்பட்ட மக்களும் உண்டு. எட்டுப் பேர் முதலில் ரத்த மாதிரி தர மறுத்தார்கள். எதுவும் பொருந்தவில்லை. பிறகு 10 பேருக்கு உண்மை கண்டறியும் சோதனை நடத்த அனுமதி கேட்டு மனுப் போட்டார்கள். அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை, அனுமதியும் கிடைக்கவில்லை. 2025 சனவரியில் குற்றப்பத்திரிகை வந்தபோது அதில் இருந்த மூன்று பெயரும் வேங்கைவயல் தலித் இளைஞர்களின் பெயர்கள். தண்ணீரைக் குடித்தவர்களே குற்றவாளிகள் என்று சொல்லும் விசாரணையின் கையில் ஒரு மயக்க ஊசியும் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மரபணு மாதிரியை நீதிமன்ற உத்தரவோடு எடுக்கலாம், பாலிகிராஃபை ஏன் கூடாது என்று மாணவர்கள் கேட்கிறார்கள். கைரேகை, ரத்தம், கையெழுத்து மாதிரி எல்லாம் உடம்பின் அடையாளங்கள். அவை எதையும் 'சொல்வதில்லை', ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் உதவும். 1961இல் காத்தி காலு ஒகாத் வழக்கில் 11 நீதிபதிகள் அமர்வு போட்ட கோடு அது. 2019இல் ரித்தேஷ் சின்ஹா வழக்கில் குரல் மாதிரியும் அந்தப் பக்கம் சேர்ந்தது. தனக்கு மட்டும் தெரிந்ததை மனத்திலிருந்து வெளியே இழுப்பது கோட்டின் மறுபக்கம். அங்கே 20(3) நிற்கிறது: குற்றம் சாட்டப்பட்ட எவரையும் தனக்கு எதிராகத் தானே சாட்சியாகும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. அண்ணல் தலைமையிலான குழுவின் வரைவில் 14ஆம் உறுப்பில் இருந்தது இது.

இந்த உறுப்பு எங்கள் மண்ணுக்கு ஏட்டுச் சுரைக்காய் அல்ல. குற்றப் பரம்பரைச் சட்டம் ஒரு பிறப்பையே குற்றம் என்று எழுதிய மண் இது. சீர்மரபினர் பட்டியலில் 'சேலம் உப்புக் கொறவர்', 'சேலம் மேல்நாடு கொறவர்' என்று எங்கள் ஊர்ப் பெயரே இருக்கிறது. சட்டம் போய் முக்கால் நூற்றாண்டு ஆகியும் பழக்கம் போகவில்லை. 2022 சனவரியில் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த பட்டியல் சாதி மாற்றுத்திறனாளி ஒருவரையும் அவர் மனைவியையும் திருட்டு வழக்கு என்று நாமக்கல் மாவட்டம் சேந்தமங்கலம் போலீஸார் பிடித்துப் போனார்கள். சில நாட்களில் அவர் சேலம் அரசு மருத்துவமனையில் உயிரிழந்தார். போலீஸார் இடைநீக்கம் ஆனார்கள், வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. 'அடிப்பதற்குப் பதில் மெஷினே மேல்' என்று சிலர் சொல்வார்கள். லத்தி இருக்கும் அதே அறையில்தான் அந்தச் சம்மதத் தாளும் நீட்டப்படுகிறது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

அதனால் சம்மதம் என்பது எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். தேசிய மனித உரிமை ஆணையம் 2000இல் பாலிகிராஃபுக்கு வகுத்த வழிமுறைகளை மூன்று சோதனைகளுக்கும் கட்டாயமாக்கியது செல்வி தீர்ப்பு. வேண்டுமா வேண்டாமா என்று தேர்வு செய்யும் வாய்ப்பைக் கொடுக்க வேண்டும். உடலுக்கும் மனத்துக்கும் என்ன ஆகும், சட்டப்படி என்ன விளைவு என்று போலீஸும் வழக்கறிஞரும் விளக்க வேண்டும். சம்மதம் நீதித்துறை நடுவர் முன்னால் பதிவாக வேண்டும், ஸ்டேஷனில் அல்ல. சோதனையில் சொல்வது நடுவரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் ஆகாது, போலீஸிடம் சொன்னதற்குச் சமம் என்று அவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பதிவை மருத்துவமனை போன்ற சுதந்திரமான அமைப்பு, வழக்கறிஞர் இருக்கும்போது செய்ய வேண்டும். இத்தனையும் நடந்தாலும் சோதனை முடிவு சாட்சியம் ஆகாது. அதைக் கொண்டு புதிதாக ஒரு பொருளோ தகவலோ கண்டெடுக்கப்பட்டால் அது மட்டும் செல்லும். முன்பு சாட்சியச் சட்டம் 27ஆம் பிரிவு, இப்போது பாரதிய சாக்ஷிய அதிநியம் 23ஆம் பிரிவு.

பழைய தீர்ப்பு, இப்போது செல்லாது என்று யாராவது சொன்னால் 2025 ஜூன் 9 அன்று வந்த அம்லேஷ் குமார் தீர்ப்பைக் காட்டுங்கள். ஒரு பீகார் வழக்கில் எல்லோருக்கும் நார்கோ நடத்துகிறோம் என்று போலீஸ் சொன்னதைப் பாட்னா உயர் நீதிமன்றம் ஏற்றிருந்தது. நீதிபதிகள் சஞ்சய் கரோலும் பிரசன்னா பி. வராலேயும் அதை ரத்து செய்தார்கள். தானாக முன்வந்து செய்த சோதனையைக்கூட மட்டுமே வைத்துத் தண்டிக்க முடியாது என்றும் சொன்னார்கள். சோதனையைக் கேட்டு வாங்குவது முழு முற்றான உரிமையும் அல்ல என்றார்கள். இந்தக் கடைசி விஷயம் எங்களை வெகுநேரம் யோசிக்க வைத்தது. ஏன் என்று சொல்கிறோம்.

அன்று இரவு அக்கா பதினொரு மணிக்கு மேல் ஸ்டேஷனுக்குப் போனார். "எஃப்.ஐ.ஆர். நகல் கொடுங்க, எந்த நடுவர் முன்னாடி சம்மதம் பதிவு பண்ணப் போறீங்கன்னு சொல்லுங்க" என்று கேட்டார். எஃப்.ஐ.ஆரே இல்லை. தாள் மேசை டிராயருக்குள் போய்விட்டது. மெஷினும் இல்லை, மெட்ராஸும் இல்லை என்பது எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. பையனை விடிவதற்குள் அனுப்பினார்கள். காணாமல் போன பணம் என்ன ஆனது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. பண்ணைக்காரர் மட்டும் முன்பணத்தைத் திருப்பிக் கட்டிவிட்டு வெளியே போகச் சொன்னார். குடும்பம் கடன் வாங்கிக் கட்டிவிட்டு ஊர்த் தெருவுக்கே திரும்பியது. பையன் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஏறி வடக்கே போய்விட்டான்.

பொங்கலுக்கு வந்திருந்தான். எங்களைப் பார்க்க மாடிக்கு வந்தான். உடம்பு கறுத்து இறுகியிருந்தது. ராஜஸ்தானில் எத்தனை அடியில் தண்ணீர் வருகிறது என்றெல்லாம் பேசிக்கொண்டிருந்தான். கிளம்பும்போது படியில் நின்று கேட்டான்:

"அண்ணா, அன்னைக்கு நான் கையெழுத்துப் போட்டு, நெசமாவே மிசின்ல உக்காந்திருந்தா, நான் எடுக்கலைன்னு ஊருக்குத் தெரிஞ்சிருக்கும்ல? இப்பவும் எங்க அம்மா கடைக்குப் போனா பின்னால பேசறாங்கண்ணா."

அக்கா அவனுக்கு எல்லாவற்றையும் மறுபடி ஒருமுறை சொன்னார். முள் ஏன் ஆடும், முடிவு ஏன் சாட்சியம் ஆகாது, நீ குற்றமற்றவன் என்று நிரூபிப்பது ஏன் உன் வேலை இல்லை என்று. அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். "சரிங்கக்கா" என்று சொல்லிவிட்டு இறங்கினான். அவன் அம்மாவிடம் என்ன சொல்வது என்று நாங்கள் யாரும் பேசவில்லை. பழைய மனுவை அன்று இரவு கிழித்துப் போட்டோம்.